கையால் திருத்திய மேக்ஃபைல்

குரு என்றதும் தாடியையும் காவியையும் தேடுகிறவர்களுக்கு இந்தக் கதையில் ஏமாற்றம்தான். இந்தக் குருவுக்கு வயது முப்பத்தாறு. பெயர் ஆவுடைச்செல்வி. பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, நாலு மேசையும் முனகிக்கொண்டே ஓடும் ஒரு ஏசியும் உள்ள மாடி அறைதான் ஆசிரமம். சீடருக்கோ தலை முழுக்க நரைத்துவிட்டது. பெயர் சுயம்புலிங்கம். ரொம்ப காலம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை நடத்திவிட்டு, ஐம்பதைத் தாண்டிய பிறகு நிரல் எழுதக் கற்றுக்கொள்ள வந்தவர்.

அவர் ஆவுடைச்செல்வியை மேடம் என்பார். ஆவுடைச்செல்வி அவரை அண்ணாச்சி என்பார். இதில் யார் யாருக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்பது கீழிருந்து டீ கொண்டுவருகிறவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

அவர்கள் எழுதியது மாட்யூல் என்று சொல்லப்படும் ஒரு சின்ன நிரல். கடற்கரை ஊர்களில் மீனவர் சங்கங்கள் வைத்திருக்கும் குளிரறைகளுக்காக எழுதியது. அறைக்குள் இருக்கும் வெப்பமானியைப் படிக்கும், குளிர் குறைந்தால் மணியடிக்கும். வேறு சாமர்த்தியம் எதுவும் அதற்குக் கிடையாது. வேண்டியவர்கள் இறக்கிக்கொள்ளட்டும் என்று இணையத்திலும் போட்டு வைத்திருந்தார்கள்.

ஆனால் ஊருக்கு ஒரு வகைக் கம்ப்யூட்டர், ஊருக்கு ஒரு இயங்குதளம். ஓரிடத்தில் லினக்ஸ், இன்னோரிடத்தில் அதற்குச் சித்தப்பா முறை வேண்டிய ஏதோ ஒன்று. எல்லாம் யூனிக்ஸ் குடும்பத்துப் பிள்ளைகள்தான். ஒரு வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் ஒரே மாதிரியா இருக்கின்றன? அதனால் மாட்யூலை அந்தந்த ஊருக்குக் கொண்டுபோய், அந்தந்தக் கம்ப்யூட்டரிலேயே பில்ட் செய்ய வேண்டும், அதாவது எழுதியதை அந்தக் கம்ப்யூட்டர் ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்ற வேண்டும். எதை எதோடு சேர்ப்பது, எந்த வரிசையில் சேர்ப்பது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கோப்புக்கு மேக்ஃபைல் என்று பெயர். அந்த மேக்ஃபைலை யாரும் கையால் எழுதுவதில்லை. எழுதித் தருவதற்கென்றே மாட்யூலோடு ஒரு குட்டி நிரல் போகும். அது கம்ப்யூட்டரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அதற்குத் தோதான மேக்ஃபைலை எழுதிக் கொடுக்கும்.

சுயம்புலிங்கத்துக்கு இது வேண்டாத வேலையாகப் பட்டது. சேர்ந்த புதிதில் கேட்டேவிட்டார்.

"மேடம், மேக்ஃபைலை எழுத ஒரு நிரல். அந்த நிரலை எழுத நாம. நடுவுல எதுக்கு இந்த ஆளு? நேரா மேக்ஃபைலையே எழுதிக் குடுத்துட்டா என்ன?"

ஆவுடைச்செல்வி ஒரு தாளை நீட்டினார். இந்த அறைக்கு எப்படி வருவது என்று எழுதித் தரச் சொன்னார். சுயம்புலிங்கம் பஸ் ஸ்டாண்டிலிருந்து வரும் வழியை அழகாக எழுதிக் கொடுத்தார்.

ரயிலில் வந்து ஜங்ஷனில் இறங்குகிறவருக்கு இது ஆகுமா என்று கேட்டார் குரு. ஆகாது என்று அதற்கு வேறு வழி எழுதினார் சீடர். தூத்துக்குடியிலிருந்து பைக்கில் வருகிறவருக்கு? சீடர் பேனாவை மூடி வைத்தார்.

"இது சரிப்படாது மேடம். வாரவங்களை எனக்கு ஒரு போன் போடச் சொல்லுங்க. எங்க நிக்கீங்கன்னு கேட்டுட்டு, நான் வழி சொல்லுதேன்."

"அந்த ஆளுதான் நடுவுல இருக்காரு" என்றார் ஆவுடைச்செல்வி.

சுயம்புலிங்கம் வாய்விட்டுச் சிரித்தார். அவருக்கு விளங்கிவிட்டது. விளங்கியது கைக்குப் போய்ச் சேரவில்லை என்பதுதான் இந்தக் கதை.

அவருடைய கை அப்படிப்பட்ட கை. சர்வீஸ் கடைக்காரரின் கை. வந்த பொருளை அங்கேயே பிரித்து, அங்கேயே ஒட்டவைத்து, ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விட வேண்டும். அண்ணாச்சி தொட்டால் ஓடும் என்று பேர் வாங்கிய கை. அந்தப் பேர் அவருக்குப் பிடிக்கும். யாருக்குத்தான் பிடிக்காது?

புன்னைத்துறை என்று ஒரு கடற்கரை ஊர். உப்புக்காற்றில் சாதாரணக் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போனதால், உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்னக் கம்ப்யூட்டரை டப்பாவுக்குள் மூடி வைத்திருந்தார்கள். மாட்யூலைப் போட்டுவர சுயம்புலிங்கம்தான் போனார். பில்ட் ஆனது, ஓடியது. ஆனால் மைனஸ் பதினெட்டு என்று காட்ட வேண்டிய இடத்தில் இருநூற்று முப்பத்தெட்டு என்று காட்டியது. மீனைப் பொசுக்கும் சூடு.

அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டார். பிறகு பிடித்துவிட்டார். பூஜ்யத்துக்குக் கீழேயும் எண் உண்டு என்பது அந்த வகைக் கம்ப்யூட்டருக்குத் தானாகத் தெரியாது. பில்ட் செய்யும்போது யாராவது சொல்ல வேண்டும். சொல்வதற்கு மேக்ஃபைலில் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும்.

நியாயமாக அதை மேக்ஃபைலை எழுதும் நிரலிடம் சொல்லியிருக்க வேண்டும். இந்த மாதிரிக் கம்ப்யூட்டரைப் பார்த்தால் இந்தச் சொல்லைச் சேர்த்துக்கொள் என்று. அதற்கு யோசிக்க வேண்டும், பாளையங்கோட்டைக்கு வந்து மற்றவர்களிடம் காட்ட வேண்டும், சோதித்துப் பார்க்க வேண்டும். இங்கேயோ சங்கத்து ஆட்கள் வாசலில் காத்து நின்றார்கள். சுயம்புலிங்கம் மேக்ஃபைலைத் திறந்தார். இது நிரல் எழுதிய கோப்பு, கையால் திருத்த வேண்டாம், அடுத்த தடவை அழிந்துவிடும் என்று அதன் தலையிலேயே எழுதியிருந்தது. அதைப் படித்தார். படித்துவிட்டுத் தாண்டிப் போய், அந்தச் சொல்லைக் கையால் எழுதினார்.

மைனஸ் பதினெட்டு என்று வந்தது. மீன் விற்கும் சூசைமேரி அவருக்கு ஒரு பை நிறைய சாளை மீன் கட்டிக் கொடுத்தார். ஊருக்குப் போனதும் நிரலில் சேர்த்துவிடலாம் என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டார். மறுநாள் வேறு வேலை வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. அப்புறம் அப்படி ஒன்று இருந்ததே மறந்துபோயிற்று.

அந்த அறையில் செண்பகவல்லி என்று ஒரு பெண் வேலை பார்த்தாள். கோவில்பட்டிக்காரி. படிப்பு முடித்த சூட்டோடு வந்தவள். எதையும் முறைப்படி செய்வாள், செய்ததைச் சரிபார்ப்பாள், சரிபார்த்ததை இன்னொரு தடவை சரிபார்ப்பாள். சுயம்புலிங்கம் அவளைக் கேலி செய்வார். அவளும் சிரித்துக்கொண்டே மூன்றாவது தடவை சரிபார்ப்பாள்.

மாட்யூலின் புதிய பதிப்பைப் போட புன்னைத்துறைக்கு அவள் போனாள். ஒரு சனிக்கிழமை. குளிரறையைக் காலிசெய்து கழுவிவிட்டிருந்தார்கள். முறைப்படி நிரலை ஓட்டினாள். அது முறைப்படி புதிதாக ஒரு மேக்ஃபைலை எழுதியது. பழைய மேக்ஃபைல் போயிற்று, சுயம்புலிங்கம் கையால் எழுதிய சொல்லும் அதோடு போயிற்று. அப்படி ஒரு சொல் இருந்ததே செண்பகவல்லிக்குத் தெரியாது. தெரிய வழியும் இல்லை.

சரிபார்த்தாள். கழுவிய அறை பதினொரு டிகிரியில் இருந்தது, பதினொன்று என்றே காட்டியது. சூடாக இருப்பதால் மணி அடித்தது. அதுவும் சரிதான். குளிர் ஏறியதும் தானாக நின்றுவிடும் என்று வாட்ச்மேன் மிக்கேலிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

குளிர் ஏறியது. மணி நிற்கவில்லை. ஏறிய குளிரை அந்தக் கம்ப்யூட்டர் கொதிக்கும் சூடு என்று படித்துக்கொண்டிருந்தது. மிக்கேல் கதவைத் திறந்து கையை விட்டுப் பார்த்தார், விரல் விறைத்தது. சங்கத்து ஆட்கள் மீனை அறைக்குள் ஏற்றிவிட்டுப் போனார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பாளையங்கோட்டைக்குப் போன் போட்டுப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை, பூட்டிய அறையில் போன் அடித்து ஓய்ந்தது. காது வலி தாங்காமல் மணியின் வயரைப் பிடுங்கிப் போட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பொய் சொல்லும் மணியை எவ்வளவு நேரம்தான் கேட்டுக்கொண்டிருப்பார்?

அன்று மத்தியானம் குளிரூட்டும் கம்ப்ரஸர் நின்றுபோனது. சொல்வதற்கு மணி இல்லை. திங்கட்கிழமை கதவைத் திறந்தபோது நாற்றம் தெருமுனை வரை போயிற்று.

சங்கச் செயலாளரும், மீனைப் பறிகொடுத்த பெண்களும் மாடி ஏறி வந்தார்கள். சூசைமேரி முன்னால் நின்றார். கடைசியாக அதைத் தொட்டது யார் என்று செயலாளர் கேட்டார். செண்பகவல்லி எழுந்து நின்றாள்.

"நான்தான்."

சூசைமேரி திரும்பினார். இறங்கிப் போய், தெருவில் நின்று, இரண்டு கையாலும் மண்ணை வாரி அந்த மாடியைப் பார்த்துத் தூற்றினார். ஜன்னல் வழியாகச் செண்பகவல்லி அதைப் பார்த்தாள்.

மணி அடித்தபோது கம்ப்யூட்டரில் என்ன காட்டியது என்று, கூட வந்திருந்த மிக்கேலைக் கேட்டார்கள். இருநூற்று முப்பத்தெட்டு என்றார். அது சுயம்புலிங்கம் முன்பே பார்த்த எண். எல்லாம் அந்த நிமிஷமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

ஆவுடைச்செல்வி அவர் பக்கம் திரும்பினார்.

"அண்ணாச்சி, முன்னால நீங்க போயிருக்கீங்களே. அங்க ஏதும் வித்தியாசமா இருந்துதா?"

"நான் போட்டுட்டு வந்தப்ப நல்லாத்தான் ஓடிச்சு மேடம்."

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அதைவிடப் பெரிய பொய்யை அவர் வாழ்நாளில் சொன்னதும் இல்லை.

ஏன் சொன்னார்? ஐம்பதுக்கு மேல் படிக்க வந்தவனுக்கு இது தேவையா என்று சொந்தக்காரர்கள் ஏற்கெனவே சிரித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி தொட்டால் ஓடும் என்ற பேர் வேறு. சின்னப் பெண், நாளைக்கு எழுந்துவிடுவாள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். மனுஷன் தனக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானத்துக்குக் குறைச்சலே கிடையாது.

அடுத்த நாளே யாரும் சொல்லாமல் புன்னைத்துறைக்குப் போனார். மேக்ஃபைலைத் திறந்து அதே சொல்லை மறுபடி கையால் எழுதினார். மைனஸ் பதினெட்டு வந்தது. பாருங்கள், அண்ணாச்சி வந்ததும் சரியாகிவிட்டது என்று ஊர் சொன்னது. அந்தப் பெண்ணை இனி இங்கே அனுப்பவேண்டாம் என்று செயலாளர் போன் போட்டுச் சொன்னார்.

செண்பகவல்லியை யாரும் போகச் சொல்லவில்லை. கொஞ்ச நாள் வந்தாள். நிரலின் ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தாள். அறையில் இருந்த சாதாரண வகைக் கம்ப்யூட்டரில் திரும்பத் திரும்ப பில்ட் செய்தாள். ஒவ்வொரு தடவையும் சரியாகவே வந்தது. எதிர் மேசையில் சுயம்புலிங்கம் உட்கார்ந்திருந்தார். வாயைத் திறந்தால் போதும், ஒரே ஒரு சொல். அவர் டீ வாங்கி வரச் சொல்லி அவளுக்கும் ஒன்று கொடுத்தார். கடைசியில் ஒரு நாள் அவள் லேப்டாப்பைத் துடைத்து மேசைமேல் வைத்துவிட்டு, வாரேன் மேடம், வாரேன் அண்ணாச்சி என்று சொல்லிப் போய்விட்டாள்.

கோவில்பட்டியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள் என்று சுயம்புலிங்கம் கேள்விப்பட்டார். அதன்பிறகு அவர் செய்யாத ஏற்பாடு இல்லை. அவ்வூரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த நண்பரிடம் அவளைப் பற்றி உயர்வாகச் சொல்லி, வேலைக்குக் கூப்பிட வைத்தார். அவள் வரவில்லை. தெரிந்தவர் மூலமாக ஆன்லைன் வேலை ஒன்றைச் சொல்லி அனுப்பினார். வேண்டாம் என்றாள். தீபாவளிக்கு அவள் வீட்டுக்குப் பலகாரம் போயிற்று. அண்ணாச்சிக்கு எவ்வளவு நல்ல மனசு என்று அவளுடைய அம்மா போனில் சொன்னபோது, அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இப்படி இருக்கையில் அடுத்த பதிப்பு தயாரானது. புன்னைத்துறைக்கு அண்ணாச்சியே போய்விட்டு வரட்டும் என்றார் ஆவுடைச்செல்வி. புதிய பதிப்பு என்றால் புதிய மேக்ஃபைல். மறுபடி அந்தச் சொல் போகும், மறுபடி அவர் எழுத வேண்டும். தான் இருக்கும்வரை எழுதலாம். அப்புறம் இன்னொரு செண்பகவல்லி போவாள்.

மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்த நேரம் பார்த்து குருவின் மேசைக்கு வந்து நின்றார்.

"மேடம், மேக்ஃபைல்ல கையால ஒண்ணு எழுதுதோம்னு வைங்க. அது அழியாம நிக்கணும்னா என்ன செய்யணும்?"

ஆவுடைச்செல்வி அவரை நிமிர்ந்து பார்த்தார். அலமாரியிலிருந்து புன்னைத்துறையில் இருப்பதைப் போன்ற, புதிதாக வாங்கி வைத்திருந்த ஒரு சின்னக் கம்ப்யூட்டரை எடுத்து மேசையில் வைத்தார், வயரை மாட்டினார், நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார்.

"எழுதுங்க அண்ணாச்சி."

சுயம்புலிங்கம் மேக்ஃபைலைத் திறந்து அந்தச் சொல்லை எழுதினார். ஆவுடைச்செல்வி எட்டி, நிரலை ஓட்டினார். புதிய மேக்ஃபைல் வந்தது. சொல் இல்லை.

"எழுதுங்க."

எழுதினார். ஓட்டினார். சொல் இல்லை.

"இன்னும் நல்லா எழுதுங்க."

சுயம்புலிங்கம் அதே சொல்லை இன்னும் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, அடித்துக் கொடுத்தார். ஆவுடைச்செல்வி ஓட்டினார். திரை ஒரு கணம் நகர்ந்து நின்றது. சொல் இல்லை.

கை விசைப்பலகையிலிருந்து தானாகக் கீழே வந்தது.

"இங்க எழுதிப் பிரயோஜனம் இல்லை மேடம். இதை எழுதுதவன்கிட்டதான் சொல்லணும்."

"சொல்லுங்க" என்றார் ஆவுடைச்செல்வி. அவர் திரையைப் பார்க்கவில்லை.

சுயம்புலிங்கம் சொன்னார். இருநூற்று முப்பத்தெட்டில் ஆரம்பித்து, பஸ்ஸில் நினைத்ததையும், மறந்ததையும், மிக்கேல் சொன்ன எண்ணைக் கேட்டதையும், நல்லாத்தான் ஓடிச்சு என்றதையும், மறுநாள் போனதையும், பலகாரத்தையும் சொன்னார். ஆவுடைச்செல்வி தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவர் பக்கம் வைத்தார்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நானும் அன்னைக்கு ஆளைத்தான் கேட்டேன் அண்ணாச்சி. அங்க போய் அந்தக் கோப்பைத் திறந்து பார்க்கல" என்றார் ஆவுடைச்செல்வி.

அன்று சாயங்காலத்துக்குள் சுயம்புலிங்கம் நிரலைத் திருத்தினார். இப்போது அது மேக்ஃபைலை எழுதுவதற்கு முன்னால் கம்ப்யூட்டரிடம் ஒரு கேள்வி கேட்கும், பூஜ்யத்துக்குக் கீழே எண்ணத் தெரியுமா என்று. தெரியாது என்றால் அந்தச் சொல்லைத் தானே எழுதிக்கொள்ளும். நாலு கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தார்கள். நாலிலும் சரி. திருத்தியது என்ன, இத்தனை நாள் ஏன் இல்லாமல் போனது, அது யாருடைய தவறு, யாருடைய தவறு இல்லை என்று எல்லாவற்றையும் பெயரோடு எழுதி, புதிய பதிப்போடு இணையத்தில் ஊர் பார்க்க வெளியிட்டார்.

பிறகு புன்னைத்துறைக்குப் போய், சங்கத்துக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னார். செயலாளர் கண்டபடி பேசினார். பெண்கள் அதைவிட அதிகமாகப் பேசினார்கள். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். வசவு அவருக்கு ஏறக்குறைய ஆறுதலாக இருந்தது. சூசைமேரி மட்டும் திட்டவில்லை. தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இந்தக் கையாலதான அந்தப் புள்ளைய மண்ணு வாரித் தூத்துனேன். அவ நின்னு பாத்துக்கிட்டுல்லா இருந்தா."

அவளைப் போய்ப் பார்க்க வேண்டும் என்றார்.

சுயம்புலிங்கம் அங்கிருந்து நேராகக் கோவில்பட்டிக்கு பஸ் ஏறினார். ஜவுளிக்கடையில் முகூர்த்தக் கூட்டம். பில் போடும் இடத்தில் செண்பகவல்லி கடை யூனிஃபார்ம் சேலையில் உட்கார்ந்திருந்தாள். வரிசை குறையும்வரை ஓரமாக நின்றார். அவரைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியை அவரால் தாங்க முடியவில்லை.

நின்றபடியே சொல்லி முடித்தார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எந்த வார்த்தை அண்ணாச்சி?"

சொன்னார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். உதடு லேசாக அசைந்தது.

"ஆமா. அது இல்லைன்னா மைனஸ் வராதுலா. அறையைக் கழுவியிருந்ததுனால எனக்குப் பதினொண்ணு வந்துருக்கு."

ஒரு நொடியில் பிடித்துவிட்டாள். அவருக்கு அரை நாள் பிடித்தது.

"ஒவ்வொரு வரியா படிச்சேன் அண்ணாச்சி. தப்பு கெடைக்கவே இல்லை. தப்பைக்கூடக் கண்டுபிடிக்கத் தெரியாதவளுக்கு இந்த வேலை எதுக்குன்னுதான் விட்டுட்டேன்."

மேடம் கூப்பிடுகிறார்கள், உன் மேசை அப்படியேதான் இருக்கிறது, சங்கத்தில் எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது, சூசைமேரி உன்னைப் பார்க்க வருகிறேன் என்கிறார் என்று சுயம்புலிங்கம் மூச்சுவிடாமல் சொன்னார். உன் தவறு எதுவுமே இல்லை என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். கோபம் இருக்கிறதா என்று முகத்தில் தேடினார். இல்லை.

"புரியுது அண்ணாச்சி. என் தப்பு இல்லைன்னு தலைக்குப் புரியுது. ஆனா வீட்டுல தம்பியோட கம்ப்யூட்டர்ல நான் எதையாவது அடிக்கப் போனாலே எனக்கு வெரலு நடுங்குது. பில் போட்டா நடுங்கலை."

அவருக்குப் பின்னால் ஒரு குடும்பம் பட்டுச்சேலைகளோடு வந்து நின்றது. செண்பகவல்லி அவர்கள் பக்கம் கையை நீட்டி, சேலையை வாங்கிக்கொண்டாள்.

"ஆளு நிக்காங்க அண்ணாச்சி. சாப்பிட்டுட்டுப் போங்க, பக்கத்துல ஓட்டல் நல்லாருக்கும்."

அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை அறையைத் திறக்க ஆவுடைச்செல்வி வந்தார். சுயம்புலிங்கம் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். பூட்டைத் திறந்து உள்ளே போனதும், நின்றபடியே கேட்டார்.

"மேடம், நிரலைத் திருத்திட்டேன். ஊருக்குச் சொல்லிட்டேன். அவகிட்டயும் போய்ச் சொல்லிட்டேன். இன்னும் ஏன் சரியாகலை?"

ஆவுடைச்செல்வி பையை இறக்கி வைத்தார்.

"நம்ம மாட்யூலோட பழைய பதிப்பை இறக்கி வச்சிருக்கவங்க, நமக்குத் தெரியாத ஊர்ல எல்லாம் இருக்காங்க அண்ணாச்சி. அன்னைக்கு நீங்க வெளியிட்டது அவங்க கம்ப்யூட்டருக்குத் தானா போயிருக்குமா?"

"போகாது. அவங்க புதுசை இறக்கி, மறுபடி பில்ட் பண்ணணும்."

"நாம போய்ப் பண்ண முடியுமா?"

"முடியாது. அவங்க மெஷின். அவங்கதான் பண்ணணும்."

"பண்ணுத வரைக்கும்?"

"நாம முன்னால குடுத்த தப்புதான் ஓடும்."

கீழே மருந்துக்கடையின் ஷட்டர் ஏறும் சத்தம் கேட்டது. சுயம்புலிங்கம், ஒரு குழந்தை கேட்பதுபோல, கேட்டார்.

"எப்ப பண்ணுவாங்க மேடம்?"

ஆவுடைச்செல்வி செண்பகவல்லியின் மேசையைப் பார்த்தார்.

"தெரியாது அண்ணாச்சி. சில பேரு பண்ணாமலே விட்டுருவாங்க."